அவசரகால மேலாளரும் நகரத் தன்னாட்சியும்: மிச்சிகன் மாநில வரலாற்றில் ஒரு பகுதி

1871ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலச் சட்டமன்றம் டெட்ராய்ட் நகருக்கெனப் பொதுப்பணி வாரியம் ஒன்றை அமைத்தது. குடிநீர், கழிவுநீர் முதலான பணிகள் அதுவரை நகரின் சொந்த அமைப்புகளிடம் இருந்தன. புதிய சட்டம் அப்பணிகளை வாரியத்திடம் ஒப்படைத்ததோடு, வாரிய உறுப்பினர் யாவர் என்பதையும் தானே பெயர் குறித்து நியமித்தது. அந்நியமனத்தில் நகர மக்களுக்குப் பங்கில்லை. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் சென்றது. மக்கள் எதிர் ஹர்ல்பட் என்று சட்ட நூல்களில் வழங்கும் அவ்வழக்கில் நீதிபதி தாமஸ் கூலீ எழுதிய கருத்து இன்றளவும் பேசப்படுகிறது. நகர அமைப்பின் வடிவத்தை மாநிலம் தன் விருப்பம்போல் வகுக்கலாம். ஆயினும் தம் ஊரைத் தாமே ஆளும் உரிமை மக்களுக்கு இயல்பாக உரியது, அதனை மாநிலம் பறித்துக்கொள்ள இயலாது என்பது அக்கருத்தின் சாரம். புதிய அமைப்பு ஒன்றைத் தொடங்கி வைப்பதற்குத் தற்காலிக நியமனம் செய்யலாம் என்று மட்டும் அவர் இடங்கொடுத்தார்.

ஏறக்குறைய 142 ஆண்டுகளுக்குப் பின், 2013 மார்ச்சில், அதே டெட்ராய்ட் நகரின் மேயர், நகர மன்றம் ஆகியோரின் அதிகாரம் முழுவதும் மாநில ஆளுநர் நியமித்த தனி ஒருவரிடம் சென்றது. அந்நியமனமும் தற்காலிகமானது என்றே சொல்லப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே நடந்தது என்ன? நிதி நெருக்கடிக்குள்ளான நகரங்களை ஆள மாநிலம் ஆள் அனுப்பும் வழக்கம் எவ்வாறு தோன்றி, எவ்வாறு விரிந்தது? அவ்வழக்கத்தில் கடன் கொடுத்தவருக்கு என்ன இடம், குடியிருப்பவருக்கு என்ன இடம்? இவ்வினாக்களையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

தொடங்குமுன் ஒரு விளக்கம் தேவை. அமெரிக்க மாநிலத்தின் ஆளுநர் இந்திய மாநில ஆளுநரைப் போன்றோ, பினாங்கு, மலாக்கா மாநில ஆளுநரைப் போன்றோ நியமனம் பெறுபவர் அல்லர். மாநில மக்களால் நேரே தேர்ந்தெடுக்கப்படும் ஆட்சித் தலைவர். எனவே இங்கு நாம் காணும் மோதல், தேர்தலுக்கும் நியமனத்திற்கும் இடையிலானது மட்டும் அன்று. மாநிலம் முழுவதன் வாக்கிற்கும் ஓர் ஊரின் வாக்கிற்கும் இடையிலான மோதலும் ஆகும்.

இரு நீதிபதிகள், இரு கோட்பாடுகள்

கூலீயின் காலத்திலேயே அவருக்கு நேர்மாறான கோட்பாடு ஒன்று அயோவா மாநிலத்தில் உருவாகியிருந்தது. அம்மாநில நீதிபதியான ஜான் டில்லன் 1868இல் வழங்கிய தீர்ப்பிலும், 1872இல் வெளியிட்ட நகராட்சிச் சட்ட நூலிலும், நகரம் என்பது மாநிலத்தின் படைப்பு என்று வரையறுத்தார். மாநிலம் வெளிப்படையாக வழங்கிய அதிகாரம் மட்டுமே நகரத்திற்கு உண்டு. வழங்கியதைத் திரும்பப் பெறவும் மாநிலத்தால் இயலும். இக்கோட்பாடு வெறும் தர்க்கத்திலிருந்து பிறந்ததன்று. இருப்புப்பாதை நிறுவனங்களுக்கு உதவுவதற்காக நகரங்கள் தாறுமாறாகக் கடன் பத்திரங்களை வெளியிட்டுச் சிக்கிக்கொண்ட காலம் அது. நகர மன்றங்கள்மீது டில்லன் கொண்ட ஐயத்திற்குக் காரணம் இருந்தது என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

கடனில் மூழ்கிய நகரம் எந்த அளவிற்குச் செல்லக்கூடும் என்பதற்கு மெம்ஃபிஸ் சான்று. 1878இல் மஞ்சள் காய்ச்சல் அந்நகரில் 5,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஏற்கெனவே கடன் கட்ட முடியாத நிலையிலிருந்த அந்நகரின் சாசனத்தை 1879இல் டென்னசி மாநிலம் நீக்கிவிட்டது. மெம்ஃபிஸ் என்ற நகராட்சி சட்டத்தின் பார்வையில் இல்லாமற் போயிற்று. ‘வரி மாவட்டம்’ என்ற பெயரில் மாநிலத்தின் ஆளுகைக்குள் இருந்து, 1893இல்தான் தன்னாட்சியை மீண்டும் பெற்றது.

1907இல் கூட்டரசு உச்ச நீதிமன்றம் டில்லனின் பக்கம் சாய்ந்தது. பென்சில்வேனியாவில் அலிகெனி நகரை அதன் மக்களுள் பெரும்பான்மையோரின் விருப்பத்திற்கு மாறாகப் பிட்ஸ்பர்க் நகரோடு இணைத்ததைக் குறித்த வழக்கு அது. நகரங்களைச் சேர்ப்பதும் பிரிப்பதும் நீக்குவதும் மாநிலத்தின் விருப்பம். கூட்டரசின் அரசியலமைப்பு அதில் தலையிடாது என்று நீதிமன்றம் கூறியது. மிச்சிகன் 1908 அரசியலமைப்பாலும் 1909 நகரத் தன்னாட்சிச் சட்டத்தாலும் தன் நகரங்களுக்குச் சொந்தச் சாசனம் எழுதிக்கொள்ளும் உரிமையை அளித்து, கூலீயின் மரபை ஓரளவு காத்தது. எனினும் அளித்தது சட்டம். சட்டத்தை மாற்றச் சட்டமன்றத்தால் முடியும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிதிக் கட்டுப்பாட்டு வாரியங்கள் பல தோன்றின. 1975இல் நியூயார்க், 1991இல் ஃபிலடெல்ஃபியா, 1995இல் வாஷிங்டன் ஆகிய நகரங்கள் அவற்றின்கீழ் வந்தன. 1991இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செல்சி நகரில் மேயர் பதவியையே நீக்கிவிட்டு ஒருவரிடம் ஆட்சி ஒப்படைக்கப்பட்டது. ஆனால் நியூயார்க் போன்ற பெருநகரங்களில் வாரியம் நகர அரசின் மேல் அமர்ந்து வரவு செலவைக் கண்காணித்ததேயன்றி, நகர அரசின் இடத்தில் தான் அமரவில்லை. மேயர் மேயராகவும், மன்றம் மன்றமாகவும் இருந்தன. மிச்சிகன் தேர்ந்துகொண்ட வழி வேறு.

ஈகோர்ஸ் முதல் 1990 வரை

மிச்சிகனில் இது ஒரு நீதிமன்ற ஆணையில் தொடங்கியது. டெட்ராய்ட்டை அடுத்துள்ள ஈகோர்ஸ் என்ற சிறு எஃகு ஆலை நகரம் 1986இல் கடனைச் செலுத்த இயலாமல் நின்றபோது, நீதிமன்றம் லூயிஸ் ஷிம்மல் என்பவரை அதன் பொறுப்பாளராக நியமித்தது. இத்தகைய நியமனத்திற்குத் தெளிவான சட்டம் இல்லாத குறையை நீக்க 1988இல் ஒரு சட்டமும், அதனை விரிவாக்கி 1990இல் ‘ஊராட்சி நிதிப் பொறுப்புச் சட்டம்’ என்ற 72ஆம் எண் சட்டமும் இயற்றப்பட்டன. 1990 சட்டம் உருவாக்கிய பதவியின் பெயர் ‘அவசரகால நிதி மேலாளர்’. ‘நிதி’ என்னும் அந்த அடைமொழியை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அம்மேலாளர் வரவு செலவைக் கையாளலாம், செலவைக் குறைக்கலாம், ஆட்குறைப்புச் செய்யலாம். ஆனால் தொழிற்சங்கத்தோடு நகரம் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தைத் தாமாக முறிக்க இயலாது. நிதி சாராத துறைகளில் மேயருக்கும் மன்றத்திற்கும் உரிய அதிகாரம் அவர்களிடமே இருந்தது. ஹாம்ட்ராமிக், ஹைலண்ட் பார்க், ஃபிளிண்ட், போன்டியாக், பென்டன் ஹார்பர் ஆகிய நகரங்களுக்கும் டெட்ராய்ட் பள்ளிகளுக்கும் இச்சட்டத்தின்கீழ் மேலாளர்கள் சென்றனர். அனுப்பிய ஆளுநர்களுள் இரு கட்சியினரும் இருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. பின்னாளில் இதனை ஒரு கட்சியின் சூழ்ச்சியாக மட்டும் சித்திரித்தோர் இதனை மறந்துவிட்டனர்.

இந்நகரங்கள் ஏன் வீழ்ந்தன என்பதற்கு விரிவான விடை தனிக் கட்டுரையாகும். சுருங்கச் சொன்னால், தொழிற்சாலைகள் போயின, மக்கள் போயினர், போனவர்களுக்குத் தரவேண்டிய ஓய்வூதியமும், அவர்களுக்காக வாங்கிய கடனும் மட்டும் தங்கின. டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 1950இல் 1,849,568, 2010இல் 713,777. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பிறந்த ஃபிளிண்ட் நகரில் 1960இல் 196,940 பேர் வாழ்ந்தனர். 2010இல் 102,434 பேர். குழாய்களும் தெருக்களும் பழைய அளவிலேயே இருந்தன. இதற்கிடையில் 1978, 1994 ஆகிய ஆண்டுகளின் அரசியலமைப்புத் திருத்தங்கள் சொத்து வரி உயர்வைக் கட்டிப்போட்டன. மாநிலம் தன் விற்பனை வரியிலிருந்து நகரங்களுக்குப் பகிர்ந்துவந்த தொகையும் 2002க்குப் பின் தன் பற்றாக்குறையை ஈடுகட்டுவதற்காகத் தொடர்ந்து குறைக்கப்பட்டது. ஊழலும் தவறான கணக்கும் இல்லாமல் இல்லை. டெட்ராய்ட்டின் முன்னாள் மேயர் குவாமே கில்பாட்ரிக் 2013இல் ஊழல் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றார். ஆயினும் நெருக்கடிச் சட்டங்களின் பார்வை நகரத்தின் செலவுப் பக்கத்தில் மட்டுமே நிலைத்தது. வரவை வெட்டிய கை மாநிலத்தின் கை. நோயைக் கண்டறியும் அதிகாரமும் அதே கையிடம் இருந்தது.

‘நிதி’ என்னும் சொல் நீங்கியமை

2011 ஜனவரியில் ரிக் ஸ்னைடர் ஆளுநர் பொறுப்பேற்றார். கணக்காளரும் தொழில்முனைவருமான அவர் மார்ச் 16ஆம் நாள் 4ஆம் எண் சட்டத்தில் கையொப்பமிட்டார். பதவியின் பெயர் ‘அவசரகால மேலாளர்’ ஆயிற்று. ‘நிதி’ என்னும் அடைமொழி நீங்கியது. நாம் இதனைச் சொல்விளையாட்டாகக் கருதவில்லை. புதிய சட்டத்தின்கீழ் மேலாளர் நகரின் ஆளும் மன்றத்திற்கும் நிருவாகத் தலைவருக்கும் மாற்றாக, அவர்கள் இடத்தில் நின்று செயலாற்றினார். கூட்டு ஒப்பந்தங்களைத் திருத்தவும் முறிக்கவும் அவரால் முடிந்தது. நகரச் சொத்தை விற்கலாம், துறைகளைக் கலைக்கலாம், மன்ற உறுப்பினரின் ஊதியத்தை நிறுத்தலாம், அவர் எழுதும் ஆணையே நகரச் சட்டம்.

அவரால் செய்ய முடியாதவற்றையும் நோக்க வேண்டும். மக்கள் வாக்கின்றிப் புதிய வரி விதிக்க முடியாது. அத்துடன், அவர் வகுக்கும் நிதித் திட்டம் நகரின் கடன் பத்திரங்களுக்குரிய தவணையை முழுமையாகச் செலுத்த வழிசெய்தாக வேண்டும் என்று சட்டம் விதித்தது. வரியை உயர்த்த இயலாது. பத்திரத் தவணையைத் தொட இயலாது. ஆகவே மீதமிருந்தவை ஊழியர், சேவை, சொத்து ஆகிய மூன்றுமே. மேலாளர் எத்துணை நல்லவராக இருப்பினும் அவர் கத்தி செல்லக்கூடிய இடத்தைச் சட்டம் முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டது.

இச்சட்டம் நடைமுறையில் எவ்வாறு தோன்றியது என்பதற்குப் பென்டன் ஹார்பர் சான்று. ஏறக்குறைய 10,000 மக்கள், பெரும்பாலோர் ஆப்பிரிக்க அமெரிக்கர், வாழும் அச்சிறு நகரின் மேலாளர் ஜோசஃப் ஹாரிஸ் 2011 ஏப்ரலில் ஓர் ஆணை பிறப்பித்தார். அதன்படி நகர மன்றம் மூன்று செயல்களை மட்டும் செய்யலாம்: கூட்டத்தைத் தொடங்கலாம், முந்தைய கூட்டக் குறிப்பை ஏற்கலாம், கூட்டத்தை முடிக்கலாம். அவ்வாணையை எழுதியவருக்கு நகைச்சுவை நோக்கம் இருந்திருக்காது என்றே எண்ணுகிறோம்.

போன்டியாக் நகரில் நிகழ்ந்த சொத்து விற்பனை, புதிய சட்டத்திற்கு முந்தியதே எனினும், இங்குக் குறிப்பிடத்தக்கது. 1975இல் 55.7 மில்லியன் டாலர் செலவில் கட்டப்பட்ட சில்வர்டோம் விளையாட்டரங்கம் 2009இல் ஏலத்தில் 583,000 டாலருக்கு விற்கப்பட்டது. பராமரிப்புச் செலவு நகரைத் தின்றுகொண்டிருந்தது. எனவே விற்றது தவறென்று எளிதிற் கூற முடியாது. ஆயின் அவ்விற்பனையை எதிர்க்கவோ ஏற்கவோ அந்நகர மக்கள் தேர்ந்தெடுத்த எவருக்கும் இறுதி உரிமை இல்லை என்பதே நாம் நோக்க வேண்டுவது.

மக்கள் வாக்கும் மறுசட்டமும்

மிச்சிகன் அரசியலமைப்பு ஒரு சட்டத்தைப் பொது வாக்கெடுப்பிற்குக் கொண்டுசெல்லும் உரிமையை மக்களுக்கு வழங்கியுள்ளது. 4ஆம் எண் சட்டத்திற்கு எதிராக 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட கையொப்பங்கள் திரட்டப்பட்டு 2012 பிப்ரவரியில் அளிக்கப்பட்டன. மனுவின் தலைப்பு எழுத்துகள் சட்டம் கோரும் 14 புள்ளி அளவில் இல்லை என்று ஆட்சேபம் எழுந்தது. ஆய்வு வாரியத்தில் வாக்குகள் இரண்டுக்கு இரண்டு எனப் பிரிந்தன. ஓர் ஊரை ஆளும் உரிமை எழுத்தின் பருமனைப் பொறுத்து நின்ற சில மாதங்கள் அவை. ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் வாக்கெடுப்பை நடத்த ஆணையிட்டது. நவம்பர் 6ஆம் நாள் வாக்களித்தோரில் ஏறக்குறைய 53 விழுக்காட்டினர் சட்டத்தை நிராகரித்தனர்.

ஏழு வாரங்களில், பதவிக்காலம் முடியவிருந்த சட்டமன்றம் 436ஆம் எண் சட்டத்தை நிறைவேற்றியது. டிசம்பர் இறுதியில் ஆளுநர் கையொப்பமிட்டார். புதிய சட்டம் பழையதன் படி அன்று என்று அதனைக் கொண்டுவந்தோர் வாதிட்டனர். அதில் ஓரளவு உண்மையுண்டு. நெருக்கடிக்குள்ளான நகரம் மாநிலத்தோடு உடன்படிக்கை, மேலாளர், நடுவர் வழிப் பேச்சு, திவால் ஆகிய நான்கனுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். 18 மாதங்களுக்குப் பின் மூன்றில் இரு பங்கு வாக்கால் மேலாளரை நகர மன்றம் விலக்கலாம். ஆனால் மேலாளரின் அதிகாரங்கள் பெரும்பாலும் முன்போலவே தொடர்ந்தன. முன்பு இல்லாத ஒன்றும் சேர்ந்தது. சட்டத்தினுள் ஒரு நிதி ஒதுக்கீடு செருகப்பட்டிருந்தது. நிதி ஒதுக்கும் சட்டங்களை வாக்கெடுப்பிற்கு உட்படுத்த முடியாது என்பது மாநில அரசியலமைப்பின் விதி. இவ்வாறு, மக்கள் முன்பு பயன்படுத்திய கதவு பூட்டப்பட்டது.

இச்சட்டத்தின் ஒரு சிறு விதியில் அதன் மனப்போக்கு முழுவதும் தெரிகிறது எனலாம். சொத்து விற்பனை போன்ற சில முடிவுகளை நகர மன்றம் ஏற்காவிட்டால், சில நாள்களுக்குள் மாற்றுத் திட்டம் ஒன்றை அளிக்கலாம். அம்மாற்றுத் திட்டம் ஏறக்குறைய அதே நிதி விளைவைத் தருவதாக இருக்க வேண்டும். எதனை ஏற்பது என்பதை மாநில வாரியம் முடிவு செய்யும். தொகை சரியாயிருப்பினும் இம்முடிவு எங்களுக்குத் தீங்கு என்று கூற அவ்விதியில் இடமில்லை. மன்றம் பேசலாம், கணக்கின் மொழியில் மட்டும்.

டெட்ராய்ட்

கெவின் ஓர் என்ற திவால் சட்ட வழக்கறிஞர் 2013 மார்ச் 25ஆம் நாள் டெட்ராய்ட்டில் பொறுப்பேற்றார். மூன்று நாள்களில் 436ஆம் எண் சட்டம் நடைமுறைக்கு வரவே, அவர் பதவியிலிருந்தும் ‘நிதி’ என்னும் சொல் உதிர்ந்தது. ஜூலை 18ஆம் நாள் நகரம் திவால் மனு அளித்தது. சுமார் 18 பில்லியன் டாலர் கடன். அமெரிக்க வரலாற்றில் அதுவரை எந்த நகரமும் அத்துணைப் பெருங்கடனோடு திவால் மன்றத்தின் முன் நின்றதில்லை.

மிச்சிகன் அரசியலமைப்பு அரசு ஊழியரின் ஓய்வூதியத்தைப் பாதுகாக்கிறது. கூட்டரசின் திவால் சட்டம் அப்பாதுகாப்பைக் கடந்து செல்லும் என்று நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ் 2013 டிசம்பரில் தீர்ப்பளித்தார். பின்னர் நிகழ்ந்த உடன்பாடு வியப்புக்குரியது. நகரின் கலை அருங்காட்சியகத்திலுள்ள ஓவியங்களை விற்க நேருமோ என்ற அச்சம் நிலவியபோது, அறக்கட்டளைகளும் மாநிலமும் அருங்காட்சியகமும் சேர்ந்து 800 மில்லியன் டாலருக்கும் மேற்பட்ட தொகையைத் தர முன்வந்தன. ஓவியங்கள் நின்றன. பொது ஊழியர் ஓய்வூதியத்தில் 4.5 விழுக்காடு வெட்டுப்பட்டது. விலைவாசிக்கேற்ற உயர்வையும் அவர்கள் இழந்தனர். 2014 நவம்பரில் திட்டம் ஏற்கப்பட்டு, டிசம்பரில் நகரம் திவாலிலிருந்து வெளிவந்தது, மேலாளரும் விலகினார். பத்திர முதலீட்டாளரில் சிலர் இங்குப் பெரும் இழப்பை ஏற்றனர் என்பதையும் கூற வேண்டும். மேலாளர் சட்டம் மட்டும் தந்திராத முடிவு அது. திவால் நீதிமன்றத்தில் எல்லாத் தரப்பும் பேச இடமிருந்ததன் விளைவு அது என்பது எம் கருத்து. அதே 2014இல் தண்ணீர்க் கட்டணம் செலுத்தாத ஆயிரக்கணக்கான வீடுகளின் இணைப்புத் துண்டிக்கப்பட்டதும், ஐக்கிய நாடுகளின் மனித உரிமை வல்லுநர்கள் அதனைக் கண்டித்ததும் இதே வரலாற்றின் மறுபக்கம்.

ஃபிளிண்ட்

ஃபிளிண்டில் 2011 இறுதி முதல் 2015 ஏப்ரல் வரை மேலாளர்கள் மாறி மாறி வந்தனர்: மைக்கேல் பிரவுன், எட் கர்ட்ஸ், மீண்டும் பிரவுன், டார்னெல் எர்லி, ஜெரி அம்ப்ரோஸ். அந்நகரம் ஏறக்குறைய அரை நூற்றாண்டாக டெட்ராய்ட்டிலிருந்து, ஹியூரான் ஏரியின் நீரைச் சுத்திகரித்த நிலையில் வாங்கிவந்தது. அதன் விலை உயர்ந்துகொண்டே சென்றது. அதே ஏரியிலிருந்து தனிக் குழாய் அமைக்கும் காரெக்னாண்டி நீர் ஆணையத்தில் சேர்வதற்கு 2013 மார்ச்சில் நகர மன்றம் ஏழுக்கு ஒன்று என்ற வாக்கில் இசைந்தது. புதிய குழாய் முடியும்வரை எங்கிருந்து நீர் எடுப்பது என்பது வேறு வினா. ஃபிளிண்ட் ஆற்றிலிருந்து எடுப்பது என்ற முடிவை மன்றம் வாக்கிட்டு எடுக்கவில்லை. நகரின் பழைய சுத்திகரிப்பு நிலையத்தை அதற்கெனச் சீரமைக்கும் பணி 2013இல் மேலாளர் கர்ட்ஸின் ஆணையால் தொடங்கியது. டெட்ராய்ட்டிலிருந்து தொடர்ந்து நீர் பெறப்போவதில்லை என 2014 மார்ச்சில் எழுதியவர் மேலாளர் எர்லி. பின்னாளில் இவ்விரு முடிவுகளையும் ஒன்றாக்கி, ‘நகர மன்றமே இசைந்தது’ என்று வாதிட்டவர் பலர். ஆவணங்களை நோக்குமிடத்து அவ்வாதம் நிற்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இம்மாற்றத்தால் மிச்சமாகும் என்று எதிர்பார்த்த தொகை சுமார் 5 மில்லியன் டாலர். 2014 ஏப்ரல் 25ஆம் நாள் ஆற்றுநீர் திறந்துவிடப்பட்டது. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து அந்நீரில் சேர்க்கப்படவில்லை. அது தேவையில்லை என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறை கருதியிருந்தது. ஈயக் குழாய்களின் உட்புறத்தில் பல்லாண்டுகளாகப் படிந்திருந்த காப்புப் படலம் கரையத் தொடங்கியது.

அடுத்த பதினெட்டு மாதங்களின் நிகழ்வுகளை வரிசைப்படுத்தும்போது, யாருடைய குரல் செவியில் விழுந்தது என்பது தெளிவாகிறது. மக்கள் நிறம் மாறிய நீரைப் புட்டிகளில் ஏந்தி வந்தனர். நீர் பாதுகாப்பானது என்ற விடையே கிடைத்தது. 2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் இயந்திர உறுப்புகள் அரிக்கப்படுவதைக் கண்டு அந்நீரை நிறுத்தி, அண்டை ஊரின் ஏரிநீருக்கு மாறிக்கொண்டது. மாற இசைவும் கிடைத்தது. 2015 ஜனவரியில் ஃபிளிண்டிலிருந்த மாநில அலுவலகக் கட்டடத்தில் ஊழியருக்கென வெளியிலிருந்து குடிநீர் வரவழைக்கப்பட்டது. அதே மாதம், இணைப்புக் கட்டணம் ஏதுமின்றி மீண்டும் நீர் தருவதாக டெட்ராய்ட் முன்வந்தபோது மேலாளர் தரப்பு மறுத்தது. மாதக் கட்டணம் தாங்காது என்பது காரணம். அம்மாதமே எர்லி டெட்ராய்ட் பள்ளிகளின் மேலாளராக மாற்றப்பட்டார்.

மார்ச் 23ஆம் நாள் நகர மன்றம் டெட்ராய்ட் நீருக்குத் திரும்ப வேண்டியன அனைத்தும் செய்க என்று, மீண்டும் ஏழுக்கு ஒன்று என்ற வாக்கில், தீர்மானம் நிறைவேற்றியது. 2013இல் மன்றம் அளித்த ஏழு வாக்குகள் பின்னர்ப் பொறுப்பைச் சுமத்தப் பயன்பட்டன. 2015இல் அளித்த ஏழு வாக்குகளுக்கு எவ்வித ஆற்றலும் இல்லை. மேலாளர் அம்ப்ரோஸ் அத்தீர்மானத்தைப் புரிந்துகொள்ள இயலாத ஒன்று எனக் கூறி ஒதுக்கினார். ஏப்ரல் இறுதியில் நிதி நெருக்கடி தீர்ந்ததாக அறிவிக்கப்பட்டு அவர் விலகியபோது, மாநிலம் நகருக்கு 7 மில்லியன் டாலர் கடன் அளித்தது. மாநிலத்தின் இசைவின்றி டெட்ராய்ட் நீருக்குத் திரும்பக் கூடாது என்பது அக்கடனின் நிபந்தனைகளுள் ஒன்று. மேலாளர் போன பின்னும் அவர் முடிவு நகரில் தங்கியது.

உண்மை வெளிவந்தது வேறு வழியில். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழுவினர் வீடுகளின் நீரில் ஈயத்தைக் கண்டறிந்தனர். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, குருதியில் ஈய அளவு மிகுந்த சிறு குழந்தைகளின் பங்கு 2.4 விழுக்காட்டிலிருந்து 4.9 விழுக்காடாகியிருப்பதை எடுத்துக்காட்டினார். அதிகாரிகள் முதலில் மறுத்து, பின்னர் ஏற்றனர். அக்டோபர் 16ஆம் நாள் நகரம் டெட்ராய்ட் நீருக்குத் திரும்பியது. 2014, 2015 ஆண்டுகளில் அப்பகுதியில் பரவிய லீஜனேர் நோயால் குறைந்தது 12 பேர் இறந்ததும் பின்னர் அறியவந்தது.

ஆளுநரே அமைத்த ஆய்வுக்குழு 2016 மார்ச்சில் அளித்த அறிக்கை, முதன்மைப் பொறுப்பு மாநிலச் சுற்றுச்சூழல் துறையுடையது என்றும், நீர் குறித்த முடிவுகளை எடுத்தவர்கள் மேலாளர்களே என்றும் தெளிவாகக் கூறியது. நிகழ்ந்ததைச் சுற்றுச்சூழல் அநீதி என்று பெயரிட்டது. நாடாளுமன்ற விசாரணையில் எர்லி தாம் வல்லுநரை நம்பியதாகக் கூறினார். மேலாளர் துறையைச் சுட்டினார்; துறை விதியைச் சுட்டியது; ஆளுநர் அனைவரையும் சுட்டி மன்னிப்பும் கேட்டார். நகர மக்கள் அடுத்த தேர்தலில் தோற்கடிக்கக் கூடியவர்களான மேயரிடமும் மன்றத்திடமும் அதிகாரம் இருக்கவில்லை. அதிகாரம் இருந்தவர் எவரும் அந்நகரின் வாக்குச்சீட்டில் இல்லை.

இனம் பற்றிய வினாவைத் தவிர்க்க இயலாது. 2013இல் டெட்ராய்ட்டும் சேர்ந்தபோது மிச்சிகனின் ஆப்பிரிக்க அமெரிக்கருள் ஏறக்குறைய பாதிப்பேர் மேலாளர் ஆளும் நகரங்களில் வாழ்ந்தனர். வெள்ளையருள் அவ்வாறு வாழ்ந்தோர் மிகச் சிலரே. கெவின் ஓர், எர்லி, ஹாரிஸ் ஆகிய மேலாளர்களும் ஆப்பிரிக்க அமெரிக்கரே என்று சட்டத்தின் ஆதரவாளர் விடையிறுத்தனர். ஆள்பவரின் நிறம் ஆளப்படுவோரின் வாக்கிற்கு ஈடாகாது என்றே நாம் கருதுகிறோம். இவ்வேறுபாட்டையும் வாக்குரிமை இழப்பையும் எடுத்துரைத்துத் தொடுக்கப்பட்ட வழக்கைக் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. ஊராட்சி அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் அடிப்படை உரிமை கூட்டரசின் அரசியலமைப்பில் இல்லை என்பது தீர்ப்பின் மையம். 2017இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. 1907இன் கோட்பாடு அசையாமல் நின்றது.

குற்ற வழக்குகளும் கரை சேரவில்லை. 2021இல் ஸ்னைடர், எர்லி, அம்ப்ரோஸ் முதலியோர்மீது சாட்டப்பட்ட குற்றங்கள், அவற்றைச் சாட்டிய முறை செல்லாது என்று 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் கூறியதால் சரிந்தன. 2023இல் வழக்குகள் கைவிடப்பட்டன. 2021இல் 626 மில்லியன் டாலர் இழப்பீட்டு உடன்பாடு ஏற்கப்பட்டது. அதில் பெரும்பகுதி மாநிலத்தின் பங்கு, 20 மில்லியன் நகரின் காப்பீட்டுப் பங்கு. நகரங்களில் மேலாளர் பதவிகள் 2018க்குள் ஒவ்வொன்றாக முடிவுக்கு வந்தன. ஃபிளிண்ட் அவ்வாண்டு ஏப்ரலில் மாநிலக் கண்காணிப்பிலிருந்தும் விடுபட்டது. ஈயக் குழாய்களை மூன்றாண்டுகளுக்குள் மாற்றித் தருவதாக 2017 மார்ச்சில் நீதிமன்றத்தில் ஓர் உடன்பாடு ஏற்பட்டிருந்தது. ஏறக்குறைய 11,000 குழாய்கள் மாற்றப்பட்டு அப்பணி முடிந்ததாக மாநிலம் அறிவித்தது 2025 ஜூலையில்.